வாசலைத் தாண்ட அஞ்சும் மனம்



கடைத்தெருவில் நிற்கும் ஒரு தாய்க்குத் திடீரென நெஞ்சு படபடக்கிறது; மூச்சு முட்டுகிறது; கைகால் நடுங்குகிறது; உயிரே போய்விடும்போல் தோன்றுகிறது. மருத்துவர் சோதித்து, இதயத்தில் கோளாறில்லை என்கிறார். வீட்டிலோ, "காத்துக்கருப்பு அடித்துவிட்டது" என்கிறார்கள். பிறகு அவர் பஸ் ஏற அஞ்சுகிறார். வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் போவதில்லை. லயத்து வாசலோடு நின்றுவிடுகிறார்.

இது பேயுமன்று, பாசாங்குமன்று. திடீரென வருவது பீதித் தாக்கம். அது மீண்டும் வருமோ என வெளியிடங்களைத் தவிர்ப்பது வெளியிட அச்சம். 1871-இலேயே ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் இவ்வச்சத்துக்குப் பெயரிட்டு எழுதினார்.

பால்மரத்தடியில் பாம்பைக் கண்டால் என்னவாகும்? அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கும். ஓடுவதற்காக இதயம் விரைந்து துடிக்கும். பீதித் தாக்கத்தில் பாம்பு இல்லாமலே இந்த அபாயச் சங்கு ஊதிவிடுகிறது. படபடப்பை மாரடைப்பென்று எண்ணுவதால் அச்சம் கூடுகிறது. அச்சத்தால் படபடப்பு கூடுகிறது. இந்தச் சுழலை உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கினார். தாக்கம் பெரும்பாலும் 10 நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, தானே தணியும்.

ஆனால் தணியுமுன் வீட்டுக்கு ஓடிவந்தால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. தவறாகக் கற்றதை மாற்றுவதே நடத்தைச் சிகிச்சை.

எப்படி? படிப்படியாக. முதலில் துணையோடு தோட்டத்து முகப்பு வரை, பிறகு தனியாக, அடுத்து ஒரு நிறுத்தம் வரை பஸ் பயணம், பின்னர் கூட்டமில்லாத நேரத்தில் பட்டணம், கடைசியில் சந்தை நாள். ஒவ்வொரு படியிலும் அச்சம் தணியும் வரை நிற்க வேண்டும். அடிக்கடி பழக வேண்டும். அச்சம் வரும், ஆனால் அது நம்மைக் கொல்லாது என்பதை உடம்பே உணரும்.

குடும்பத்தார் கேலி செய்யாதீர்கள்; வற்புறுத்தி இழுத்துச் செல்லாதீர்கள். "நீ இரு, நானே வாங்கி வருகிறேன்" என்று எல்லாவற்றையும் நீங்களே செய்வதும் கூடாது. அந்த அன்பு கதவைப் பூட்டிவிடும். கூடச் சென்று, துணையை மெல்லக் குறையுங்கள்.

நெஞ்சுவலி வந்தால் முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதயமும் தைராய்டு சுரப்பியும் சரியென்று தெரிந்தபின், மனநல மருத்துவரைப் பார்க்க வழிகேளுங்கள். சிலருக்கு மாத்திரையும் உதவும். மது உதவாது, அச்சத்தை வளர்க்கவே செய்யும்.

முறையாகப் பழகியவர்களில் பலர் மீண்டும் பஸ் ஏறியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பவரும் ஏறலாம்.