ஆங்கில வழிக்கு ஆசைப்படும் அண்ணனூர்: இருமொழி வகுப்பே சரியான வழி

சென்னை – அரக்கோணம் தடத்தில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது அண்ணனூர். புறநகர் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை ஒன்று இங்கு உள்ளது. ஒரு பக்கம் 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. மறுபக்கம் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப் படைத் தளம். ரயில்வேயும் பாதுகாப்புத் துறையும் இப்பகுதிக்குத் தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் குடும்பங்களை எப்போதோ கொண்டுவந்துவிட்டன. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வருவோர் தங்கள் பிள்ளைகளை இங்குள்ள பள்ளிகளில் சேர்க்கிறார்கள்.

ஜூன் மாதம் பிறந்தால் இந்த ஊர்ப் பெற்றோர் பள்ளி வாசலில் முதலில் கேட்பது, "இங்கிலீஷ் மீடியம் இருக்கா?" என்பதுதான். அந்தக் கேள்வியை யாரும் குறை சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேச வராமல் வேலையை இழந்த அப்பா, தன் மகளுக்கும் அந்த நிலை வரக்கூடாது என்று நினைக்கிறார். ஆசை நியாயமானது. அந்த ஆசையை நிறைவேற்றும் வழிதான் சரியாக அமையவில்லை.

பிரிவு வந்தது, பயிற்சி வரவில்லை

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2012-13-ஆம் கல்வியாண்டில் தொடங்கி, அடுத்த ஆண்டே பெருமளவில் விரிவடைந்தன. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தக்கவைப்பது நோக்கம். ஆனால் பல தொடக்கப் பள்ளிகளில் நடப்பது வேறு. தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். இரு பிரிவுக்கும் ஒரே ஆசிரியர். அவர் தமிழில் படித்து, தமிழில் கற்பிக்கப் பயிற்சி பெற்றவர். பாடத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, கேள்வி பதிலை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். பிள்ளைகள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்கிறார்கள்.

விளைவு கணக்குப் பாடத்தில் தெளிவாகத் தெரியும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்த பிள்ளை, அதே கணக்கை நான்கு வரி ஆங்கிலக் கேள்வியாகக் கொடுத்தால் திகைத்து நிற்கிறது. கணக்கு தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பிள்ளை 'கணக்கில் பலவீனம்' என்றே பதிவாகிறது.

உலகம் செய்து பார்த்தது

இரு மொழிகளில் பாடம் நடத்துவது புதிதல்ல. அமெரிக்காவின் மயாமி நகரில் கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963-இல் இருமொழித் திட்டம் தொடங்கியது. கியூபாவிலிருந்து வந்த, ஸ்பானியம் பேசும் குழந்தைகளும் ஆங்கிலம் பேசும் உள்ளூர்க் குழந்தைகளும் சேர்ந்து படித்தார்கள். நாளின் ஒரு பகுதி ஸ்பானியத்தில், மறு பகுதி ஆங்கிலத்தில். ஒவ்வொரு மொழிக்கும் அதில் தேர்ந்த ஆசிரியர். 1965-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை முதலிலிருந்தே பிரெஞ்சு மொழியில் படிக்க வைத்தார்கள். அவர்களின் ஆங்கிலம் குன்றவில்லை, பிரெஞ்சும் வந்தது. ஏனென்றால் வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம் வலுவாக இருந்தது. பிற்பாடு பள்ளியிலும் ஆங்கிலப் பாடம் சேர்ந்தது.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடுகளை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. அண்ணனூர் வகுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் சக மாணவர் இல்லை. வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இல்லை. முதல் மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் முன்பே அதைக் கைவிடச் செய்தால், பிள்ளை இரண்டு மொழியிலும் அரைகுறையாக நிற்கும்.

மலேசியத் தமிழர்கள் இந்தச் சிக்கலை நேரில் சந்தித்தார்கள். அங்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. பிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2016-இல் தொடங்கிய இருமொழித் திட்டத்தில், விரும்பும் பள்ளிகள் அந்தப் பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்றார்கள். தமிழில் இருந்த இரண்டு முக்கியப் பாடங்கள் போனால் தமிழ்ப் பள்ளி என்ற பெயருக்கு என்ன மிஞ்சும் என்று தமிழ் அமைப்புகள் எதிர்த்தன. அதே சமயம் அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும், பெற்றோர் சம்மதம் வேண்டும். நம் ஊரில் ஆங்கில வழிப் பிரிவைத் தொடங்கும்போது ஆசிரியரின் தயார்நிலையை இந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை.

பக்கத்திலேயே ஆந்திரம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளை முழுமையாக ஆங்கில வழியாக்க 2019-இல் பிறப்பித்த ஆணையை 2020-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிட்ட பாடநூல்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. புரியாத இடத்தில் பக்கத்துப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். செலவு குறைந்த, எளிய ஏற்பாடு. அண்ணனூர் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் இது பொருந்தும்.

இங்கே எப்படிச் செய்யலாம்?

அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 ஜூனில் இதே மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கிறது. அதன் மேல் இருமொழி வகுப்பைக் கட்டலாம்.

முதல் இரண்டு ஆண்டுகள் எழுத்தும் வாசிப்பும் தமிழில் உறுதியாகட்டும். ஆங்கிலம் பாட்டாகவும் கதையாகவும் பேச்சாகவும் தினமும் காதில் விழட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து குறிப்பிட்ட பாடவேளை முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். வரிக்கு வரி தமிழில் மாற்றிச் சொல்லும் வழக்கம் அந்த நேரத்தில் வேண்டாம். தேர்வில் வினா இரு மொழியிலும் இருக்கட்டும். பிள்ளை தெரிந்த மொழியில் விடை எழுதட்டும்.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களும் தமிழ் படிக்க வேண்டும்; இங்கே வாழப்போகும் பிள்ளைக்கு அது நல்லதே. ஆனால் வீட்டு மொழியிலிருந்து பள்ளி மொழிக்கு வர ஒரு துணை வேண்டும். ஒடிசா இதைத் தன் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் செய்தது. பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கி, பிள்ளையின் மொழியிலிருந்து ஒடியாவுக்குப் படிப்படியாக அழைத்துச் சென்றது. ஒடியா பேசும் ஒரு தாயை வாரம் சில மணி நேரம் வகுப்புக்கு அழைத்தாலே இங்கே தொடங்கிவிடலாம்.

அரசு தெளிவுபடுத்த வேண்டிய ஒன்றும் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்டது. இப்போது பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தால்தான் அந்த உரிமை கிடைக்கும். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்கிறார்கள்? இருமொழி வகுப்பைத் தமிழ் வழியாகவே கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளை ஆங்கிலத்துக்கு விலையாகத் தன் உரிமையைக் கொடுக்க நேரும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர்தான். அண்ணனூர், ஆவடி, அம்பத்தூர்ப் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆங்கிலப் பிரிவின் ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தீர்களா? என் பிள்ளை தமிழில் தடையின்றி வாசிக்கிறதா? வினாத்தாள் இரு மொழியிலும் வருமா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கில வழிப் பிரிவு பெற்றோர் கேட்டதால்தான் வந்தது. நல்ல இருமொழி வகுப்பும் பெற்றோர் கேட்டால்தான் வரும்.