உங்களுக்குத் தெரியுமா? மரத்துண்டு தொங்கிய கழுத்துகள்

19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில், தாய்மொழியான வேல்ஷில் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டு தொங்கும். அடுத்து யார் வாய் தவறிப் பேசினாலும் அது அவர் கழுத்துக்கு மாறும். பள்ளி முடிகிறபோது யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு அடி. பிள்ளைகளையே ஒற்றர்களாக்கிய கெட்டிக்காரத்தனம்!

அதே வேல்ஸில், 1939இல் அபெரிஸ்ட்வித் நகரில் 7 பிள்ளைகளோடு, தனியார் முயற்சியாக முதல் வேல்ஷ் வழிப் பள்ளி தொடங்கியது. 1947இல் லனெல்லியில் உள்ளாட்சியே ஒன்றைத் திறந்தது.

இன்று வேல்ஸின் 22 உள்ளாட்சிக் கவுன்சில்களும் வேல்ஷ் வழிக் கல்விக்குத் திட்டம் தீட்டி, வேல்ஸ் அரசிடம் ஒப்புதல் பெற வேண்டும். இது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 2022இல் தொடங்கிய திட்டங்கள் 10 ஆண்டுக்கானவை. முதலாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வேல்ஷில் படிப்பார்கள் என்ற இலக்கையும் அவற்றிலேயே எழுதித்தர வேண்டும்.