கவலை ஈமானின் குறைவா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நேர்ந்துவிட்ட ஒரு தவறிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். எங்கள் மஹல்லாவில் ஒரு வாலிபர் சாலை விபத்தில் மௌத்தானார். அடக்கம் முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியும் அவருடைய தந்தையின் கண்கள் காயவில்லை. முதல் ஸஃப்பில் எனக்கு நேர் பின்னால் நின்று தொழுபவர் அவர். தொழுகையில் அவர் விம்முவது எனக்குக் கேட்கும். ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவரை அழைத்து, "ஈமான் உறுதியாக இருந்தால் உள்ளத்தில் கவலை தங்காது. அல்லாஹ்வின் விதியைப் பொருந்திக்கொண்டவர் இவ்வளவு நாள் அழமாட்டார்" என்று உபதேசம் செய்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஹஜ்ரத்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். அடுத்த ஜும்ஆவில் அவருடைய இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த ஜும்ஆவிலும் அவர் வரவில்லை.

அந்த வாரத்தில்தான் குத்பாவுக்காக யூசுஃப் அத்தியாயத்தை எடுத்து ஓதினேன். மதரஸாவில் பலமுறை பாடம் கேட்ட அத்தியாயம்தான். ஆயினும் 84ஆம் வசனத்தில் என் விரல் நின்றுவிட்டது. நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் அருமை மகனை எண்ணி எண்ணித் துயருற்று, அதனால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று அல்லாஹ் அங்கே கூறுகின்றான். அழுதவர் ஒரு நபி. அதுவும் இரண்டு மாதங்கள் அல்ல, பல்லாண்டுகள். அவர்களுடைய ஈமானில் குறைவு கண்டுபிடிக்க யாரால் முடியும்? அடுத்த வசனத்தில் அவர்களைக் கடிந்துகொள்பவர்கள் பிள்ளைகள்தாம். "யூசுஃபை நினைத்தே உருகி மடிந்துவிடுவீர்களோ" என்கிற கருத்தில் அவர்கள் பேசினார்கள். அந்தத் தந்தையிடம் நான் பேசியது எவருடைய பேச்சு என்பதை அன்று உணர்ந்தேன்.

அன்பானவர்களே! இதே யஃகூப் (அலை) அவர்கள்தாம், யூசுஃபை ஓநாய் தின்றுவிட்டதென்று பொய்யான இரத்தக்கறை படிந்த சட்டையைப் பிள்ளைகள் கொண்டுவந்தபோது "ஸப்ருன் ஜமீல்", அதாவது அழகிய பொறுமை என்ற சொல்லை மொழிந்தவர்கள் (12:18). பின்னொரு காலத்தில் இன்னொரு மகனும் எகிப்தில் தடுத்து வைக்கப்பட்ட செய்தி வந்தபோதும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள் (12:83). அதற்கு மறு வசனத்தில்தான் கண்கள் வெளுத்த செய்தி வருகிறது. அழகிய பொறுமையும் தீராத கண்ணீரும் ஓர் உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

அப்படியானால் ஈமான் எங்கே வேலை செய்கிறது? 86ஆம் வசனத்தைப் பாருங்கள். தம் துக்கத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாக அவர்கள் பதிலளிக்கிறார்கள். அல்லாஹ்வைப் பற்றி மனிதர்களிடம் முறையிடுவது ஒன்று, அல்லாஹ்விடமே முறையிடுவது வேறொன்று. முன்னது பொறுமையின்மை, பின்னது இபாதத். அதற்கடுத்த வசனத்தில் பிள்ளைகளை அனுப்பி, யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடிப் பாருங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று ஏவுகிறார்கள். தவக்குல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் இவ்விடத்தை நிதானமாக ஓத வேண்டும். பார்வை இழந்த முதியவர் மகனைத் தேட ஆளனுப்புகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததாகத் திர்மிதியில் வரும் செய்தியின் கருத்தும் இதுவே.

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ஹிஜ்ரத்திற்குச் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் ஒரே ஆண்டில் மறைந்தார்கள். சரித்திர ஆசிரியர்கள் அந்த ஆண்டுக்கே "ஆமுல் ஹுஸ்ன்", துக்க ஆண்டு என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் மதீனாவில் கைக்குழந்தை இப்ராஹீம் தம் மடியில் உயிர் பிரியும் நிலையில் இருந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்து, "தாங்களுமா?" என்கிற பொருளில் கேட்டார்கள். இது கருணை என்று நபியவர்கள் விடையளித்தார்கள். கண் அழுகிறது, உள்ளம் துயருறுகிறது, ஆயினும் இறைவனுக்குப் பிரியமற்ற எதையும் நாவு சொல்லாது என்பதே அவர்கள் வகுத்த எல்லை. புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். எவருடைய மரணத்திற்காகவும் சூரியனோ சந்திரனோ கிரகணம் பிடிப்பதில்லை என்று உடனே அறிவித்தார்கள். மகனைப் பறிகொடுத்த அன்றும், தமக்குப் பெருமை சேர்க்கக்கூடிய ஒரு மூடநம்பிக்கையை அவர்கள் அனுமதிக்கவில்லை. வானியல் கணக்கு அந்தக் கிரகணத்தைக் கி.பி. 632 ஜனவரி 27 என்று காட்டுகிறது.

கவலை வரக்கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. அது நம்மை அடித்துச் செல்லாதிருக்கப் பாதுகாப்புத் தேடச் சொல்கிறது. நபியவர்கள் அடிக்கடி கேட்டு வந்த ஒரு துஆவில் எட்டு விஷயங்களைவிட்டுப் பாதுகாவல் தேடினார்கள். முதலிரண்டும் 'ஹம்மு', 'ஹஸன்'. வரவிருப்பதை எண்ணி வருவது ஹம்மு என்றும், கடந்ததை எண்ணி வருவது ஹஸன் என்றும் உலமாக்கள் விளக்குவர். பிறகு இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம். கடைசியில் கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம். வட்டிக்கடையில் நகையை வைத்துவிட்டு உறக்கமின்றித் தவிக்கும் குடும்பத்தாருக்குக் கடன் ஏன் இந்தப் பட்டியலில் வந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

உணவும் இதில் சேரும் என்றால் சிலர் வியப்பார்கள். குடும்பத்தில் மௌத்து நிகழ்ந்து, வந்த பெண்கள் கலைந்து வீட்டார் மட்டும் எஞ்சியதும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் 'தல்பீனா' என்னும் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்துத் துயரில் சிறிதைப் போக்கும் என நபியவர்களிடம் கேட்டதாகவும் சொன்னார்கள். முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். நம் ஊர்களில் சில இடங்களில் இது தலைகீழாகி, மையித் வீட்டாரே வந்தவர்களுக்குப் பந்தி வைக்கும் நிலை இருக்கிறது. இதைச் சொன்னால் கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றி, எதிலும் நாட்டமின்றி, மரணமே மேல் என்கிற எண்ணம் வந்துவிட்டால் அதைப் பலவீன ஈமான் என்று வீட்டுக்குள் மூடி வைக்காதீர்கள். துன்பம் நேர்ந்ததற்காக மரணத்தை ஆசைப்படுவதை நபியவர்கள் தடுத்தார்கள். மருத்துவம் செய்துகொள்ளவும் ஏவினார்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தவக்குலுக்கு முரணன்று. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவரை நாம் ஈமான் குறைந்தவர் என்கிறோமா?

அந்தத் தந்தையின் வீட்டுக்கு நான் சென்றேன். கஞ்சி கொண்டு செல்லவில்லை, மன்னிப்புத்தான் கேட்டேன். யஃகூப் (அலை) அவர்களின் வசனத்தை ஓதிப் பொருள் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க கண்ணுக்குப் பார்வை திரும்ப வந்துச்சா ஹஜ்ரத்?" என்று கேட்டார். வந்தது, யூசுஃபின் சட்டையை முகத்தில் போட்டதும் வந்தது (12:96) என்றேன். "என் மகன் சட்டை ஒண்ணு துவைக்காம வச்சிருக்கேன்" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. அடுத்த ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் தம் பழைய இடத்தில் வந்து நின்றார். இன்றும் ஸஜ்தாவில் சில நாட்களில் அவர் விம்முவது எனக்குக் கேட்கும். அன்று நான் ஸஜ்தாவைச் சற்று நீட்டிவிடுகிறேன்.