வாளிக்குள் விளையும் மண்

உழவும் ஓய்வும் (பகுதி 11)

மண்ணைப் பாழாக்குவது வெறும் பொருளாதாரப் பிழையன்று, அது தேவதூஷணம், அதாவது படைத்தவரையே இழிவுபடுத்தும் பாவம் என்பது, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சிறு பண்ணை ஒன்றில் உழுதும் எழுதியும் வாழ்ந்துவரும் வெண்டல் பெர்ரியின் நிலைப்பாடு. 1934இல் பிறந்து தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட அவர், நியூயார்க்கின் பல்கலைக்கழக வேலையை விட்டுச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, 1965இல் போர்ட் ராயலுக்கு அருகே நிலம் வாங்கிய கதையை வாசகர் அறிவர். இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்த பொருள் அவருடைய ஓய்வுநாள் நடை. எனினும் அவர் நடக்கும் வழியொன்றில் தொங்கும் வாளியைத் தாண்டிச் செல்ல இப்பகுதிக்கு மனம் வரவில்லை.

1988ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘உள்ளூர்ப் பண்பாட்டின் பணி’ என்னும் கட்டுரையில் அவ்வாளி வருகிறது. பாட்டனாரின் பண்ணையாக இருந்த நிலத்தில், மரங்கள் அடர்ந்த பள்ளம் ஒன்றின் தலைப்பில், வேலிக் கம்பத்தில் மாட்டப்பட்ட பழைய தகர வாளி அது. துத்தநாகம் பூசப்பட்டது, நசுங்கியது, எவரும் எடுத்துப் பயன்படுத்தாதது. இலையுதிர் காலந்தோறும் அதில் இலைகள் விழுந்தன. மழையும் பனியும் அவற்றை நனைத்தன. அணில்கள் கொட்டைகளைக் கொண்டுவந்து தின்று ஓடுகளை விட்டுச் சென்றன. பறவைகளின் எச்சமும் பூச்சிகளின் உடலும் சேர்ந்தன. இவையெல்லாம் அழுகி, பல ஆண்டுகளில், சில அங்குல உயரத்துக்குக் கரிய மக்காக மாறின. மக்கு என்பது தாவர, விலங்கு எச்சங்கள் நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு எஞ்சும் கரும்பொருள். பாறை தேய்ந்து உண்டாகும் தாதுத்துகள்களோடு அது கலக்கும்போதுதான் பயிர் தாங்கும் மேல்மண் உருவாகிறது. இலைக்கும் கொட்டையோட்டுக்கும் உறுதியளிக்கும் லிக்னின் என்ற கடினப் பொருளைச் சிதைப்பதில் பூஞ்சைகளே முதன்மையானவை என்பதால், அந்த வாளியின் பெரும்பகுதி வேலையைக் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையிழைகள் செய்திருக்க வேண்டும். ஒருவரும் உழாமல், ஒருவரும் எருவிடாமல் நிகழ்ந்த இதனைத் தாம் அறிந்தவற்றுள் மிகப் பெரிய அற்புதமாகப் பெர்ரி கருதுகிறார். அற்புதம் என்ற சொல்லைக் கிறித்தவர் ஒருவர் எளிதில் கையாளமாட்டார் என்பதை நினைவில் கொண்டால், அவர் அதை எவ்வளவு பொருளுணர்ந்து எழுதியிருக்கிறார் என்பது விளங்கும். வாளி இலைகளைச் சேர்ப்பதைப் போல ஒரு சிற்றூரும் தன் கதைகளையும் நினைவுகளையும் சேர்த்து மக்கவிட்டால்தான் பண்பாடு என்னும் மண் உண்டாகும் என்று அக்கட்டுரை மேலே செல்கிறது.

இந்த வியப்புக்கு வேதாகம அடிப்படை உண்டு. லூயிவில் நகரிலுள்ள தென்பாப்டிஸ்டு இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றி, 1993இல் நூலில் சேர்த்த உரையொன்று ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து ஆராய்கிறது. மனிதன் என்பவன் உடலும் அதற்குள் வைக்கப்பட்ட ஆன்மாவும் என்ற வழக்கமான பிரிவினையை அவர் மறுக்கிறார். மண்ணும் கடவுளின் மூச்சும் சேர்ந்த முழுமையே ஆன்மா என்பது அவர் வாசிப்பு. அவ்வாறாயின் மண் ஆன்மாவுக்கு வெளியே கிடக்கும் பொருளாக இருக்க முடியாது. அதை அரித்தோடவிடுவது மனிதன் தன்னிலேயே ஒரு பகுதியை இழப்பதாகும். ஆன்ம மீட்பைப் பற்றி மட்டும் பேசி, நிலத்தை வணிகத்திடம் ஒப்படைத்துவிட்ட சபைகளுக்கு இதைவிடக் கடுமையான கண்டனம் எளிதில் கிட்டாது.

தம் கையால் நேர்ந்த சேதத்தையும் அவர் மறைக்கவில்லை என்பது இங்கே சொல்லத்தக்கது. செங்குத்தான காட்டுச் சரிவில் கால்நடைகளுக்குத் தண்ணீர் வேண்டுமென்று, புல்டோசர் வைத்திருந்த ஒருவரை அமர்த்திச் சிறு குளம் வெட்டினார். மழை மிகுந்த குளிர்காலத்தில் நிலம் நீரால் கனத்து இளகியபோது கரை தளர்ந்தது, மேற்புறக் காட்டுத் தரையின் பெரும்பகுதி குளத்துக்குள் சரிந்தது. ஆற்றல் மிகுதி, அறிவு குறைவு என்று காரணத்தைக் கண்ட அவர், பொறுப்பைத் தாமே ஏற்றார். இச்சேதத்தை அவர் எழுதிய கட்டுரையும் வாளிக் கட்டுரையும் 1990இல் ஒரே நூலில் வெளிவந்தன. பல்லாண்டுகளில் சில அங்குலம் சேர்ந்ததையும் ஒரே பருவத்தில் ஒரு சரிவு போனதையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, தூஷணம் என்ற கடுஞ்சொல் மிகையாகத் தோன்றாது.

மோசமான வானிலையில் மட்டும் தேவாலயத்துக்குச் செல்பவர் என்று தம்மைப் பற்றிச் சொல்லும் பெர்ரி, நல்ல வெயில் நாட்களில் காட்டுக்குள் போகிறார்; 1979 முதல் அந்த ஞாயிறு நடைகளில் பிறந்தவையே அவருடைய ஓய்வுநாள் கவிதைகள். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கே ஓய்வளிக்கச் சொல்லும் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தோடு சேர்த்து, அக்கவிதைகள் அடுத்த வாரம் ஆராயப்படும்.