மடக்குக்கத்தியின் இலக்கணம்

மடக்குக்கத்தி தன் உறையைத் தானே சுமக்கும் கத்தி. அலகும் பிடியும் ஓர் ஆணியில் கோக்கப்பட்டிருக்கின்றன. வேலை முடிந்ததும் அலகு பிடிக்குள் மடங்கிக் கூர்ப்பக்கம் மறைந்துவிடும். அதனால்தான் அதைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடமாட முடிகிறது. பார்சல் கயிறு அறுக்க, பழம் நறுக்க, பென்சில் சீவ, சாக்கின் தையலைப் பிரிக்க என்று அதற்கு வரும் வேலைகள் சிறியவை. ஆனால் அன்றாடம் வருபவை. கத்தியில் பழகியவர்கள் பலவற்றை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்றையே விடாமல் வைத்துக்கொள்வதுண்டு. அப்படி ஒரு கத்தி நிலைத்துப்போவதற்கு நான்கு காரணங்கள் உண்டு: நம்பகமான மூட்டு, அளவான மெல்லிய அலகு, எளிதில் தீட்ட வரும் எஃகு, கைக்கும் பைக்கும் பொருந்தும் பிடி. விலையும் பகட்டும் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஒரே பத்தாண்டில் மூன்று கத்திகள்

மடக்குக்கத்தி மிகப் பழைய கருவி. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புப் பிடி கொண்ட மடக்குக்கத்தி கி.மு. 600-500 காலத்தைச் சேர்ந்தது. ரோமானியர்களும் மடக்குக்கத்தி செய்தார்கள். ஐரோப்பாவில் இறகுப் பேனா வழங்கிய காலத்தில், முனை சீவுவதற்கென்றே எழுத்தர்கள் சிறு கத்தி வைத்திருந்தார்கள்.

இன்று உலகெங்கும் விரும்பப்படும் மூன்று கத்திகள் 1890களில் பிறந்தவை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒபினெல், 1890இல் மரப்பிடி போட்ட எளிய உழவர் கத்தி ஒன்றைச் செய்தார். 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் பட்டறை நடத்திய கார்ல் எல்செனர், 1891இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கினார். துப்பாக்கியைக் கழற்றுவதற்குத் திருப்புளி, தகர டப்பா உணவைத் திறக்கத் திறப்பான், துளையிட ஊசி ஆகியவை அலகோடு சேர்ந்தே மடங்கின. 1897இல் அவர் பதிவுசெய்த ‘அதிகாரி கத்தி’தான் இன்றைய சிவப்புநிற சுவிஸ் கத்திகளின் மூதாதை. ஜப்பானின் மிகி நகரக் கொல்லர்கள் அதே பத்தாண்டில் ஹிகோனோகாமி என்ற கத்தியை உருவாக்கினார்கள். மடித்த பித்தளைத் தகடுதான் அதன் பிடி. வில்லும் கிடையாது, பூட்டும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் அதில் பென்சில் சீவி வளர்ந்தார்கள்.

மூன்றும் சாமானியர்களுக்காகச் செய்யப்பட்டவை. மூன்றிலும் அமைப்பு எளிமையானது, விலை மலிவு. நூறாண்டு கடந்தும் அவை விற்பனையில் இருப்பதற்கு இதுவே காரணம்.

மூட்டும் பூட்டும்

எந்த மடக்குக்கத்திக்கும் பலவீனமான இடம் மூட்டுதான். மடங்காத கத்தியில் அலகு பிடிக்குள்ளும் ஒரே எஃகாக நீளும். மடக்குக்கத்தியிலோ விசை முழுவதையும் ஓர் ஆணி தாங்க வேண்டும். ஆகவே திறந்த அலகை நிறுத்திவைப்பது எப்படி என்பதே இதன் முதல் கேள்வி.

ஹிகோனோகாமியில் உராய்வு மட்டுமே அலகை நிறுத்துகிறது. அலகின் அடியிலிருந்து நீளும் சிறு வாலைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சுவிஸ் கத்தியில் பிடியின் முதுகுப்பக்கம் ஒரு வில்தகடு இருக்கிறது. அலகின் அடிப்பகுதி தட்டையாகச் சீவப்பட்டிருப்பதால், திறந்ததும் வில் அதன்மேல் பொருந்தி அழுத்துகிறது. கூர்ப்பக்கம் பொருளின் மேல் அழுந்தும்போது அலகு மேலும் திறக்கும் திசையில்தான் தள்ளப்படும். ஆகவே வெட்டும் வேலைக்கு இந்த வில் போதும். முனையால் குத்தினாலோ முதுகில் அழுத்தம் விழுந்தாலோ அலகு விரல்மேல் மடங்கிவிடும்.

இந்த அபாயத்தைத் தடுக்க வந்ததே பூட்டு. ஜோசப்பின் மகன் மார்செல் ஒபினெல் 1955இல் ‘விரோபிளாக்’ என்ற வளையத்தைக் கொண்டுவந்தார். பிடியின் தலையில் இருக்கும் இந்த எஃகு வளையத்தைத் திருகினால் அலகு மடங்கும் வழி அடைபடும். 1960களில் வந்த அமெரிக்காவின் பக் 110 கத்தி, பிடியின் முதுகில் அமைந்த நெம்புகோல் பூட்டைப் புகழ்பெறச் செய்தது. அலகின் வெட்டுப்பள்ளத்தில் நெம்புகோலின் கொக்கி விழுந்து பிடித்துக்கொள்ளும். 1980களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் பக்கத்தகட்டுப் பூட்டை மேம்படுத்தினார். பிடியின் உட்புறத் தகடு அலகு திறந்ததும் உள்ளே நகர்ந்து அதன் அடிக்கு முட்டுக் கொடுக்கும். ஒரே கையால் மடக்கவும் வசதி.

எந்தப் பூட்டும் நெம்புவதற்கு உரிமம் அல்ல. மூடி பெயர்க்கவும் ஆணி பிடுங்கவும் மடக்குக்கத்தியைக் கையாண்டால் மூட்டு தளரும், முனை ஒடியும். நல்ல கத்தியைச் சோதிக்கும் வழி எளிது: திறந்த அலகைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது; மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவில், எந்தப் பக்கமும் உரசாமல் அமர வேண்டும்.

அலகின் அளவும் மெலிவும்

அன்றாட வேலைக்கு 6 முதல் 9 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள அலகு போதும். ஒபினெல் வரிசையில் அதிகம் புழங்கும் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், அதில் ஓர் ஆப்பிளையும் ரொட்டியையும் சிரமமில்லாமல் நறுக்கலாம்.

நீளத்தைவிடப் பெரிய விஷயம் தடிமன். தடித்த அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் கேரட்டை நறுக்காது, பிளக்கும். பொருளுக்குள் இறங்கியபின் விளிம்பை அடுத்துள்ள உலோகம் ஆப்பாக மாறி இருபுறமும் தள்ளுவதால் இப்படி நேர்கிறது. மெல்லிய அலகோ கூர் சற்று மழுங்கிய பிறகும் இறங்கிக்கொண்டே போகும். ஒபினெல் அலகின் முதுகே 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. புதிய கத்திகள் பலவற்றில் முதுகு 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. உறுதி கூடும், வெட்டும் சுகம் குறையும்.

அலகின் வடிவம் வேலையைப் பொறுத்தது. முதுகு மெல்லச் சரிந்து முனையைச் சந்திக்கும் வடிவம் எல்லா வேலைக்கும் இசையும். பழத்தோல் சீவ அதன் வளைந்த வயிறு உதவும். கூர்ப்பக்கம் நேர்கோடாகவும் முதுகு முனையை நோக்கி வளைந்தும் வரும் வடிவம் அட்டைப்பெட்டி அறுக்கவும் மரம் சீவவும் வாகானது. ரம்பப் பல் வைத்த அலகு கயிற்றை எளிதாக அறுக்கும். ஆனால் வீட்டில் தீட்டுவது கடினம்.

எஃகின் பதம்

கத்தி எஃகில் மூன்று குணங்களைத் தேடுகிறோம்: கூர் நீடிப்பது, உடையாமல் தாங்குவது, துருவுக்கு எதிராக நிற்பது. ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று இறங்குவதே வழக்கம். கடினத்தை ராக்வெல் அளவில் குறிப்பார்கள். வைரக் கூம்பு ஒன்றை உலோகத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. சுவிஸ் கத்தியின் எஃகு 56 அளவில் நிற்கும். விலை உயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டும். கடினமான விளிம்பு நெடுநாள் மழுங்காது. ஆனால் எலும்பிலோ கல்லிலோ பட்டால் பொடியும், தீட்டவும் நேரமெடுக்கும்.

துருவைத் தடுப்பது குரோமியம். அதிலும் எஃகில் எவ்வளவு குரோமியம் சேர்த்தார்கள் என்பதைவிட, எவ்வளவு தனித்து மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். டி2 என்ற எஃகில் சுமார் 12 சதவீதக் குரோமியம் உண்டு. அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாகிவிடுவதால், ஈரத்தில் விட்டால் அது கறைபடும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021இல் வெளிவந்த மேக்னாகட் எஃகு இதற்கு மறுதலை. அதில் 10.7 சதவீதக் குரோமியமே இருந்தாலும் கார்பனை வனேடியமும் நியோபியமும் பிடித்துக்கொள்கின்றன. குரோமியம் துருவைத் தடுக்க மிஞ்சி நிற்கிறது.

குரோமியம் சேராத கார்பன் எஃகுக்கு இன்றும் அன்பர்கள் உண்டு. சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் அது கூராகிவிடும். மாங்காயும் எலுமிச்சையும் வெட்டினால் சாம்பல் நிறத்தில் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலம் செந்துருவை ஓரளவு தள்ளிவைக்கும். கடலோர ஊர்களிலும் வியர்வை மிகுந்த வேலையிலும் எவர்சில்வர் வகை எஃகே ஏற்றது.

கையிலும் பையிலும்

பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும். கூரிய ஓரங்கள் இருந்தால் கால்மணி நேரத்தில் கை வலிக்கும். ஒபினெலின் உருண்ட பீச் மரப்பிடி கைக்கு இதமானது. ஆனால் மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது பிடியின் அடியைக் கட்டையில் தட்டி அலகை வெளியே எடுப்பது சவோய் மக்களின் வழி. நைலானும் கண்ணாடி இழைப் பலகையும் ஈரத்தைப் பொருட்படுத்தாதவை. பித்தளையும் எஃகும் உறுதியானவை, ஆனால் கனம்.

எடைதான் பல கத்திகளை மேசை இழுப்பறைக்கு அனுப்புகிறது. ஒபினெல் 8ஆம் எண் ஏறத்தாழ 45 கிராம். பக் 110 சுமார் 200 கிராம். இரண்டின் அலகு நீளத்திலும் வேறுபாடு 1 சென்டிமீட்டர்தான்.

அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘வொர்க்கர்’ கத்தி இரண்டு பழக்கங்களை மாற்றியது. அலகில் இருந்த வட்டத் துளையில் பெருவிரலை வைத்துத் தள்ளினால் ஒரு கையாலேயே திறக்கலாம். பிடியில் இருந்த கிளிப் கத்தியைப் பையின் விளிம்பில் மாட்டிவைத்தது. மறு கையில் கயிறோ ஏணியோ இருப்பவருக்கு இது பெரிய உதவி. வீட்டிலும் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்கு, நகம் கொடுத்து இரு கையால் திறக்கும் பழைய முறையே போதும். சுற்றியிருப்பவர்களையும் அது மிரட்டாது.

சட்டம்

கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவிளிம்பு கொண்ட மடக்குக்கத்தியைக் காரணம் காட்டாமலே வைத்திருக்கலாம். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்துக்குக் கொண்டுபோக 2008 முதல் தடை உண்டு. இந்தியாவில் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைக் குறிவைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உரிய கருவிகளுக்கு விலக்கு உண்டு. விமானத்தின் கைப்பையில் கத்தியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. நீதிமன்றம், மெட்ரோ ரயில் போலச் சோதனை நடக்கும் இடங்களுக்குப் போகும் நாளில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போவதே சரி.

பராமரிப்பு

மடக்குக்கத்தியின் எதிரி பைக்குள் சேரும் தூசும் நூலும். மூட்டு இறுகினால் வெந்நீரில் அலகைப் பலமுறை திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஆணியருகே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பழம் நறுக்கும் கத்தியானால் உணவுக்கு ஒவ்வும் கனிம எண்ணெய் நல்லது. சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மூட்டை மேலும் இறுக்கும்.

தீட்டும்போது பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணத்தில் அலகைச் சாணைக்கல்லில் இழுக்க வேண்டும். ஒருபுறம் இழுக்கும்போது மறுபுறம் மெல்லிய பிசிறு எழும். விளிம்பு வரை கல் பட்டதற்கு அதுவே அடையாளம். பக்கம் மாற்றி மாற்றி மென்மையாக இழுத்து, கடைசியில் தோல்வாரில் தேய்த்தால் பிசிறு நீங்கிக் கூர் தங்கும். முற்றிலும் மழுங்கும்வரை காத்திராமல் அவ்வப்போது சில இழுப்புகள் கொடுத்தால் எஃகும் குறைவாகத் தேயும், கையும் கோணத்துக்குப் பழகும். புதிதாக வாங்குபவர் அரிய எஃகைத் தேடி அலைவதைவிட, சாதாரண எஃகில் மெல்லிய அலகுள்ள ஒரு கத்தியையும் நல்ல சாணைக்கல் ஒன்றையும் வாங்குவது மேல். தீட்டத் தெரிந்தவர் கையில் மலிவான கத்தியும் நன்றாக வெட்டும். தீட்டாமல் விட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கத்தியும் வெறும் தகடுதான்.