எழுந்து போகும் அக்கா

சகோதரிகளே, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? எங்கள் தையல் வகுப்பில் ஒரு நாள் இதைக் கேட்டேன். பாட்டை விட, அதைக் கேட்ட இடத்தையும் ஆட்களையும் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சைக்கிள் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். சிறுமியான நானும் சுற்றியிருக்கிறேன். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். அம்மம்மா அடுப்படியிலிருந்து ஏசுவா. அந்நாளையப் பாட்டுகள் பல எனக்குப் பாதிதான் பாடம்!

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தோம். அன்று எவரும் அழக்கூட நேரமில்லை. 2002 இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், ஊரை விட்டுப் போகும் மக்களுக்காக வைரமுத்து எழுதிய பாட்டைக் கேட்டபோதுதான் அந்த இரவுக்காக முதன்முதலில் அழுதேன்.

வகுப்பில் ஓர் அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. 2009 இல் காணாமற்போன மகன் கிணற்றடியில் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அது வானொலியில் வந்தால் மெசினை விட்டு எழுந்து வெளியே போய்விடுவா. இனி வகுப்பில் வானொலியே வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். அக்கா மறித்தா.

"போடுங்கோ பிள்ளையள். அவன்ர குரல் எனக்கு மறந்துகொண்டு வருது. அந்தப் பாட்டு வந்தால்தான் திரும்பக் கேக்குது. நான் வெளியில நிண்டு கேக்கிறனான்."

இப்போது அந்தப் பாட்டு வந்தால், யாராவது ஒருத்தி வானொலியைத் தூக்கி யன்னல் கட்டில் வைத்துவிடுகிறாள்.