123 பேரை பலி வாங்கிய 6 மி.மீ. வெல்டிங்! இரும்பு 'களைத்து' உடைவது எப்படி?

சென்னை,
கட்டுக்கம்பியை கையால் இழுத்து அறுக்க முடியாது. ஆனால் அதையே இப்படியும் அப்படியுமா நாலைந்து தடவை மடக்கினால் 'டக்'கென்று அறுந்துவிடும். பாலம், கிரேன், லாரி சேஸ் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். ஒரே தடவை ஏற்றுகிற பாரத்தை தாங்கும் உருக்கு, ஓயாத ஆட்டத்தில் களைத்துப் போகும். என்ஜினீயர்கள் இதை 'உலோக சோர்வு' என்கிறார்கள்.

கடலில் கவிழ்ந்த மிதவை

1980-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி. வட கடலில் எண்ணெய் வயல் ஊழியர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலாந்து' என்ற நார்வே நாட்டு மிதவையின் 5 கால்களில் ஒன்று பிய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மிதவையே கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் பலியானார்கள்.

காலைப் பிடித்திருந்த ஒரு குழாயில், ஒலி உணரும் கருவியை மாட்டுவதற்கு சின்ன தாங்கி ஒன்றை பற்ற வைத்திருந்தார்கள். வெறும் 6 மி.மீ. வெல்டிங். விரிசல் அங்கேதான் ஆரம்பம். அந்த விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது விசாரணையில் தெரிய வந்தது. அதாவது மிதவையை கட்டி பெயிண்ட் அடிக்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது! அலை அடிக்க அடிக்க அது வளர்ந்து குழாயையே துண்டித்துவிட்டது.

தரமணியில் சோதனை

இந்த மாதிரி சோதனைக்கு சென்னை தரமணியில் மத்திய அரசின் கட்டமைப்பு பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் தனி ஆய்வகமே இருக்கிறது. பொதுவாக, உருக்கு துண்டில் வேண்டுமென்றே ஒரு வெட்டு போட்டு எந்திரத்தில் மாட்டுவார்கள். பிறகு விடாமல் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இழுத்து இழுத்து விடுவார்கள். எத்தனை இழுப்புக்கு விரிசல் எவ்வளவு நீண்டது என்பதுதான் கணக்கு. முதலில் ஒரு இழுப்புக்கு மயிரிழை அளவு கூட நகராது. நீள நீள வேகம் பிடிக்கும். கடைசியில் ஒரே நொடி, படார்!

வெல்டிங் ஓரம்தான் இதில் பலவீனமான இடம். விலை கூடின கெட்டி உருக்கு போட்டாலும் அந்த ஓரத்தின் ஆயுள் பெரிதாக கூடாது. ஆட்டத்தின் அளவு இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஓவர்லோடு அடிக்கிறவர்கள் கவனிக்க.

விரிசல் மேலேயே இன்னொரு வரி வெல்டிங் ஓட்டி பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே விரிசல் அப்படியேதான் இருக்கும். கிரைண்டர் வைத்து முழுசாக குடைந்து எடுத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க சிவப்பு சாயம் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடிக்கணும். விரிசல் இருந்தால் சிவப்பு கோடாக கசிந்து வந்து காட்டிக் கொடுத்துவிடும்.